கேள்வி ஒன்பது

எழுபத்தொன்று.
அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.
மூன்று குளிர்காலம், பதினான்கு பள்ளி,
பனியில் இருமுறை சிக்கிய என் பழைய ஸ்கோடா,
கடைசியில் திரையில் ஓர் எண்.

அமைச்சகத்திலிருந்து வந்தவருக்கு விளக்கினேன்:
நூறு ரோமா பிள்ளைகளில் எழுபத்தொரு பேர்
வேறு பள்ளிக்கு மாறினால்தான்
இந்த மாவட்டம் கலந்த மாவட்டம்.
"அத்தனை பேருந்துக்கு எங்கே போவது?" என்றார்.

மாற வேண்டியவர்கள் அவர்கள்தான் என்று
சூத்திரத்தில் எங்கும் இல்லை.
மற்ற பிள்ளைகளில் நூற்றுக்கு எழுபத்தொருவர்
அங்கே போனாலும் கணக்கு சரிவரும்.
சொன்னேன்.
அவர் காப்பியை மட்டும் கலக்கினார்.

யெல்ஷாவெட்ஸில் பள்ளி ஒன்று, வாசல் இரண்டு.
பன்னிரண்டுக்கு ஒரு சாப்பாட்டு மணி,
முக்கால் மணி கழித்து இன்னொன்று.
முதல் மணிப் பிள்ளைகள்
இரண்டாம் மணிப் பிள்ளைகளின்
ஒரு பெயர்கூடத் தெரியாமல் ஒன்பதாண்டு முடிக்கிறார்கள்.
இதற்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்:
சூப் ஆறியிருந்தது.

பழைய சோதனைத் தாள்கள் கொதிகலன் அறையில்.
காவலாளி கொலோமன் சாவியை நீட்டி
"எலி மருந்து வைத்திருக்கிறேன், கையுறை போடுங்கள்" என்றார்.
வெள்ளரி ஊறுகாய் வந்த அட்டைப்பெட்டி.
உள்ளே இருநூற்றுப் பதினாறு தாள்.
எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்:
"இலேசான அறிவுக் குறைபாடு. தனி வகுப்பு."

எண்ணிக்கொண்டே வந்தேன்,
எண்ணுவதுதானே என் தொழில்.
நூற்று நாற்பதுக்குப் பிறகு ஒரு கையெழுத்து,
வால் நீண்டு கோட்டுக்குக் கீழே இறங்கும் கையெழுத்து.
பிளாஷேனா டுருகோவா, உளவியலர்.
அப்போது எனக்கு நீல மைதான் பிடிக்கும்.
வயது இருபத்தாறு.

முப்பத்தொன்பது தாள் என்னுடையவை.
பிள்ளைக்கு நாற்பது நிமிடம்.
வீட்டில் பேசும் மொழி என்று ஒரு கட்டம்.
ஒழுங்காக நிரப்பியிருக்கிறேன்: ரோமானி.
கேள்விகளை ஸ்லோவாக்கில் கேட்டிருக்கிறேன்.

ஜானெட்டா கலெயோவா, வயது ஆறு.
கேள்வி ஒன்பது:
ஏரிக்கும் ஆற்றுக்கும் என்ன வித்தியாசம்?
அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்,
அதில் மட்டும் நான் நேர்மையாக இருந்திருக்கிறேன்:
"ஆத்துத் தண்ணி கிளம்பிப் போயிடும்.
ஏரித் தண்ணியப் போக விடமாட்டாங்க."
விடைக்குறிப்பில் இருந்தது வேறு:
ஓடும் நீர், தேங்கிய நீர்.
சுழியம் போட்டேன்.
நீல மை.

ஏட்டுச் சுரைக்காய்தான் கறிக்கு உதவாது.
ஏட்டுச் சுழியம்
பதினெட்டு ஆண்டாக
ஒருநாள் விடுப்பு எடுக்காமல் உழைத்திருக்கிறது.

தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.
அதே பள்ளிச் சமையலறையில்
இரண்டாம் மணிக்குச் சூப் ஊற்றுகிறவள் அவள்.
மூன்று நாளாக எனக்கும் ஊற்றியிருக்கிறாள்.

தாளைக் காட்டினேன்.
என் பெயரைப் படித்தாள், என்னைப் பார்த்தாள்,
கரண்டியைக் கீழே வைக்கவில்லை.
மன்னிப்பு என்ற சொல்லைக்
கொதிகலன் அறையிலிருந்து ஒத்திகை பார்த்து வந்திருந்தேன்.
அதற்கு அவள் இடம் தரவில்லை.

"எங்க எர்வினுக்கு வர்ற வியாழன் சோதனை.
இந்தக் கேள்வி இன்னும் இருக்கா?"

இருக்கிறது.
வினாக்களை வெளியே சொல்லமாட்டேன் என்று
உறுதிமொழி எழுதிக் கொடுத்தவள் நான்.
சமையலறையில் ஆவி.
நீள வரிசையில் தட்டேந்திய பிள்ளைகள்
எங்களையே பார்த்துக்கொண்டு.

"அவங்களுக்கு என்ன பதில் வேணும்?"

சொன்னேன்.

வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்:
ஓடும் நீர். தேங்கிய நீர்.
இன்னொரு முறை.
பிறகு நெற்றி சுருங்கியது.

"நான் சொன்னதும் அதுதானே" என்றாள்.